எல்லோரையும் ‘அம்மா’ என்று கூப்பிடுகிற பெண்

கேள்வி:

எனக்கு 44 வயது. கணவர் பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான். பெண் குழந்தை இல்லையே என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன்பு, அரசின் குழந்தைகள் நலக் குழு மூலமாக 8 வயதுப் பெண் குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்துக்கொண்டோம். அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு மனநோய், சிகிச்சையில் இருக்கிறார். கூட இருந்த பாட்டியும் இறந்துபோனதால் ஒன்றரை வருடம் ஹோமில் இருந்திருக்கிறாள்.

வந்த அன்றைக்கே என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். உருகிப்போனேன். சாப்பிட்ட தட்டை அவளே கழுவுவாள், எதிர்த்துப் பேச மாட்டாள். இப்போது எல்லாம் தலைகீழ். தலையணை உறைக்குள் இட்லி, பிஸ்கட். எறும்பு மொய்க்கிறது. கேட்டால் ‘நான் வைக்கலை’ என்கிறாள். காய்கறி விற்க வருபவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், எல்லோரும் அவளுக்கு ‘அம்மா’தான். ராத்திரி எழுந்து வந்து என் முகத்தருகே குனிந்து பார்க்கிறாள். மாதம் ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாள் வீடு ரணகளம், படுக்கையும் நனைந்துவிடுகிறது. போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், என் மாமியாரின் பிரஷர் மாத்திரை அட்டை அவள் ஸ்கூல் பையில் இருந்தது. ‘இது யாருக்கு என்ன செய்யுமோ’ என்று மாமியார் பயந்துவிட்டார். கோபத்தில் நான், ‘உன்னைத் திரும்ப ஹோம்லயே விட்டுடுவேன்’ என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. பேசாமல் போய்த் தன் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அம்மாவைப் பார்ப்பதை நிறுத்தினால் இவள் சரியாகிவிடுவாளா? பிற்பாடு தத்து எடுத்துக்கொள்ளலாமா? நாங்கள் தப்பு செய்துவிட்டோமா? இன்னொன்று, அவளிடம் ஒரு பழைய புடவைத் துண்டு இருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை, துவைக்கவும் விட மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு சின்னக் கண்டிப்பு. கடிதத்தோடு குழந்தையின் புகைப்படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். அதை அழித்துவிட்டேன். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் பிரசுரத்துக்குக் கொடுத்தேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளம் எந்த ஊடகத்திலும் வெளியே தெரியக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிறந்தநாள் படம் போடுகிற ஆசை வரும். வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அவள் கதையை யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்கிற உரிமை அவளுடையது. பெரியவளானதும் அது அவளுக்குத் தேவைப்படும்.

சரி, இப்போது அந்தத் துணிப் பை.

உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது அதுதான். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ‘ஹாஸ்டல்ல போட்டுடுவேன்’ என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். அது நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும். இவளுக்கு அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஒரு நாள் பாட்டி இல்லை, அடுத்த சில நாளில் வீடு இல்லை, அம்மா இல்லை. யாரோ வந்து, ‘துணியை எடுத்துக்கோ’ என்று சொல்லியிருப்பார்கள். அதனால் நீங்கள் சொன்னது அவளுக்கு மிரட்டலாகவே கேட்டிருக்காது. தகவலாகக் கேட்டிருக்கிறது. தகவல் வந்ததும் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறாள். அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்கு முன்பே தெரியும்.

இன்று ராத்திரியே அவளிடம் பேசுங்கள். எதிரே உட்கார வைத்து விசாரணை மாதிரி வேண்டாம். தலை பின்னும்போதோ, கீரை ஆயும்போதோ, முகம் பார்க்காமல் பேச முடிகிற ஒரு வேலையின் நடுவில். ‘அன்னைக்குக் கோபத்துல ஹோமுக்கு அனுப்பிடுவேன்னு சொன்னேன்ல, அது தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ எதையாவது செஞ்சதுக்காக உன்னை அனுப்ப மாட்டோம். என்னைக்காவது நீ வேற இடத்துக்குப் போற மாதிரி இருந்தா, முதல்ல உனக்குத்தான் சொல்லுவோம். திடீர்னு எதுவும் நடக்காது.’ இவ்வளவு போதும். ‘நீ எப்பவும் எங்ககூடத்தான் இருப்பே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை, அவள் அம்மா குணமானால் அவள் போகக்கூடும். காப்பாற்ற முடியாத வாக்கைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் மேல் நம்பிக்கை போயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டதும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘ம்’ என்பாள். பையிலிருந்து துணியை உடனே எடுக்க மாட்டாள். நீங்களும் எடுக்கச் சொல்ல வேண்டாம். என்றைக்கு அவளாக எடுத்து அலமாரியில் வைக்கிறாள் என்று மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள்.

‘வந்த புதிதில் தங்கமாக இருந்தாள், இப்போது தலைகீழ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளைகளை எடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மூன்றாவது நான்காவது மாதத்தில் இதையேதான் சொல்வார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, இவள் கொஞ்சம் நீண்ட விருந்தாளியாக இருந்துவிட்டாள். விருந்துக்குப் போன வீட்டில் நாம் தட்டைக் கழுவி வைப்போம், குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டோம். எட்டு வயதுக் குழந்தை மூன்று மாதம் அப்படி இருந்தது பயத்தில். இப்போது அடம் பிடிக்கிறாள், பொய் சொல்கிறாள், கத்துகிறாள் என்றால் உங்கள் வீட்டில் காலை நீட்டி உட்காரத் தொடங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். உங்களுக்கு இது ஆறுதலாக இருக்காதுதான். ஆனால் எங்களைப் போன்றவர்கள் கவலைப்படுவது, ஒரு வருடம் ஆகியும் தட்டைக் கழுவிக்கொண்டே இருக்கிற பிள்ளைகளைப் பற்றி.

அடுத்து, உங்களை உருக வைத்த அந்த ‘அம்மா’.

நம் ஊர் ஹோம்களில் சமைக்கிற அம்மா, வார்டன் அம்மா, ராத்திரி டியூட்டி அம்மா என்று எல்லோரும் அம்மாதான். ஷிஃப்ட் மாறும், ஆள் மாறும், பெயர் மாறாது. ஒன்றரை வருடம் அங்கே இருந்தவளுக்கு ‘அம்மா’ என்பது ஒரு உத்தியோகத்தின் பெயர். டீச்சர், நர்ஸ் மாதிரி. புடவை கட்டியவர், சோறு போடுபவர், அதட்டுபவர். முதல் நாள் அவள் உங்களுக்குக் கொடுத்தது அந்தப் பெயரைத்தான். காய்கறிக்காரரையும் அப்படியே கூப்பிடுவதைக் கேட்டு மனம் சுருங்கியிருப்பீர்கள். உங்கள் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டாளோ என்று நினைக்காதீர்கள். அந்த இடம் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

இதில் ஒரு பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. யாரோடும் சட்டென ஒட்டிக்கொள்கிற குழந்தை யாரோடும் போய்விடும். பஸ்ஸிலும் கோயில் கூட்டத்திலும் கையை விடாதீர்கள். ‘என்னைக் கேட்டுட்டுத்தான் மத்தவங்ககிட்ட போகணும்’ என்பதைத் திட்டாமல், நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும். யாராவது ஆசையாக மடியில் தூக்கி வைத்தால் சிரித்துக்கொண்டே வாங்கி உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாடு போடுவது, தலை வாருவது, காயத்துக்கு மருந்து போடுவது மூன்றையும் கொஞ்ச காலம் வீட்டில் நீங்களே செய்வது நல்லது. ‘இவங்கதான் எனக்குச் செய்யறவங்க’ என்ற கணக்கு அவளுக்குள் அப்படித்தான் உண்டாகும்.

உங்களை எப்படிக் கூப்பிடலாம் என்பதற்கு ஒரு யோசனை. பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். தமிழில் உறவுச் சொற்களுக்குப் பஞ்சமா என்ன? ‘சித்தி’ வேண்டாம், அந்தச் சொல்லை நம் ஆட்கள் மாற்றாந்தாய்க்குக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பெரியம்மாவில் அம்மாவும் இருக்கிறாள், ஆனால் அவளைப் பெற்றவளின் இடம் பறிபோகவில்லை. ‘உனக்கு ஒரு அம்மா இருக்காங்க. நான் பெரியம்மா’ என்று நீங்களே சொன்னால், அந்தக் குழந்தையின் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கும். உங்களை அம்மா என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், நோயோடு எங்கோ இருக்கிற ஒருத்திக்குத் துரோகம் செய்கிறோமோ என்று அவள் மனதின் ஒரு மூலை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இட்லி விஷயம் எளிது. அம்மாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஹோமில் மணியடித்தால்தான் சாப்பாடு. நேற்று இருந்தது இன்று இருக்கும் என்பதற்கு அவள் அனுபவத்தில் ஆதாரம் இல்லை. நாமெல்லாம் வங்கியில் போட்டு வைக்கிறோம், அவள் தலையணை உறையில் போட்டு வைக்கிறாள். ஒரு சின்னச் சம்படம் வாங்கி அவள் பெயரை ஒட்டி, அவள் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். முறுக்கு, கடலை மிட்டாய், பொரி என்று எறும்பு எளிதில் ஏறாத மாதிரி மூடி வைக்கிற பண்டங்கள். ‘இது உன்னோடது. எப்ப வேணா எடுக்கலாம், காலியானா நானே நிரப்பிடுவேன்.’ உண்மையாகவே நிரப்புங்கள், மறந்துவிடாதீர்கள். முதல் வாரம் தினமும் காலியாகும். பிறகு மெல்லக் குறையும். தலையணையில் இன்னும் கொஞ்ச நாள் ஏதாவது கிடைக்கும், பேசாமல் எடுத்துப் போட்டுவிடுங்கள். ‘நீயா வைச்சே?’ என்று கேட்காமல் இருந்தாலே பாதிப் பொய் நின்றுவிடும், பொய் சொல்ல வாய்ப்பே இருக்காதல்லவா? ‘இங்க உனக்கு என்ன குறை வெச்சோம்’ என்ற வாக்கியத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் மறந்துவிட வேண்டும். மாமியார் உட்பட.

இப்போது மாத்திரை. அந்த அட்டை கிடைத்தது ‘அம்மாவைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அம்மாவுக்கு மனநோய். பாட்டி வயதானவர். அந்த வீட்டில் ஆறு, ஏழு வயதில் இவள் என்னவாக இருந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். ‘அம்மாவுக்கு மாத்திரை குடுத்தியா?’ என்று பாட்டி கேட்டிருப்பார். மாத்திரை சாப்பிட்டால் அம்மா சோறு ஆக்குவாள், தலை வாரிவிடுவாள். சாப்பிடாத நாளில் சுவரோடு பேசுவாள். இதை ஒரு குழந்தை எத்தனை சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்! பாட்டியும் போன பிறகு, மாத்திரை கொடுக்க ஆளில்லாமல்தான் அம்மா இப்படி ஆனாள், தான் கொடுக்காததால்தான் வீடு உடைந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டில் ஒரு பாட்டி தினமும் ஒரு அட்டையிலிருந்து மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். நாளைக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறோம். எட்டு வயதுக்கு இந்தக் கணக்கு சரியாகத்தானே வருகிறது?

இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் அவளைப் பார்த்ததில்லை. ஆனால் ராத்திரி எழுந்து வந்து உங்கள் முகத்தருகே குனிகிறாள் என்கிறீர்களே, அதையும் சேர்த்துப் பார்க்கிறேன். நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று பார்க்கிறாள். பாட்டி இறந்தது தூக்கத்திலா என்று குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் துறையில் அம்மாவுக்கே அம்மாவாக இருந்த குழந்தை என்று சொல்வோம். இப்படிப்பட்டவர்களை ‘பொறுப்பான பிள்ளை’ என்று ஊர் பாராட்டும். அந்தப் பாராட்டு எனக்கு எப்போதும் எரிச்சலைத் தரும். எட்டு வயதில் பொறுப்பு என்பது ஒரு காயம்.

அவளிடம், ‘மாத்திரையை ஏன் எடுத்தே?’ என்று கேட்காதீர்கள். ‘அம்மா மாத்திரை சாப்பிடறாங்களான்னு உனக்குக் கவலையா இருக்கா?’ என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும், ‘அங்க டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. வேளாவேளைக்கு மாத்திரை குடுக்கறது அவங்க வேலை, உன் வேலை இல்லை’ என்று சொல்லுங்கள். இதை நிஜமாக்கிவிட்டுச் சொல்லுங்கள். அம்மா எங்கே சிகிச்சை பெறுகிறார், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சமூகப் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிந்தால் அடுத்த சந்திப்பில் அந்த நர்ஸே குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசட்டும். ராத்திரி அவள் வந்து குனிந்தால், கண்ணைத் திறந்து, ‘நான் நல்லா இருக்கேன், போய்ப் படு’ என்று சொல்லுங்கள். சின்ன விளக்கொன்று எரியட்டும்.

கூடவே, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் இன்றைக்கே பூட்டி வையுங்கள். அவள் நோக்கம் எதுவாக இருந்தாலும் பிரஷர் மாத்திரை குழந்தை கையில் இருக்கக் கூடாது, மருத்துவர் சொல்லாமல் அந்த அம்மாவின் கைக்கும் போகக் கூடாது. என் ஊகத்தை நம்பி நீங்கள் நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ஒரு மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அவளை ஒரு முறை நேரில் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமோ காட்டலாம். போகும் வழி தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். படுக்கை நனைவதற்குச் சிறுநீர்த் தொற்று காரணமா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். மற்றபடி மெத்தைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, காலையில் யாரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பது, இரண்டும் போதும்.

அம்மாவைப் பார்ப்பதை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தக் கூடாது, உங்களால் நிறுத்தவும் முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவே, பெற்றோரால் வளர்க்க முடியாத நிலையில் வளர்ப்புக் குடும்பத்துக்கு வந்த குழந்தையைப் பெற்றோர் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்கலாம் என்கிறது. அந்தச் சந்திப்பு குழந்தைக்கு நல்லதல்ல என்று குழந்தைகள் நலக் குழு கருதினால் மட்டுமே தடை. பெற்றோர் வளர்க்கத் தகுதியான நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால், குழந்தை வீடு திரும்பலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லையோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. தத்து என்பது வேறு, இது வேறு. தத்தில் பிள்ளை உங்களுடையது ஆகிவிடும். இதில், ஒரு குடும்பம் எழுந்து நிற்கிற வரைக்கும் அதன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்கள். பெண் குழந்தை இல்லாத குறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கிற வேலையை இவள் மேல் வைத்தால், முதல் அம்மாவுக்குப் பிறகு இவள் பார்த்துக்கொள்ள வேண்டிய இரண்டாவது அம்மா நீங்களாகிவிடுவீர்கள்.

பிற்பாடு தத்து எடுக்கலாமா என்பதற்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல்படி, வளர்ப்புப் பராமரிப்பில் 2 வருடம் முடிந்தால் அதே குடும்பம் தத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு 5 வருடம் என்று இருந்தது. ஆனால் குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியவள் என்று குழு அறிவித்திருக்க வேண்டும். இவள் அம்மா உயிரோடு இருக்கிறார், மாதாமாதம் மகளைப் பார்க்கிறார். நாட்காட்டியில் அந்த இரண்டு வருடத்தை எண்ணிக்கொண்டு வளர்க்காதீர்கள். அவள் அம்மாவின் உடல்நிலை தேறியது என்ற செய்தி உங்களுக்குக் கெட்ட செய்தியாகிவிடும்.

சந்திப்புக்குப் பின்னால் வருகிற அந்த இரண்டு நாள் ரணகளத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1960களில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதி, அம்மா பிரசவத்துக்குப் போயிருந்த சின்னக் குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கூடவே, ஒரு காப்பகத்தில் ஒன்பது நாள் விடப்பட்ட 17 மாதப் பையனையும் தினமும் போய்க் கவனித்துப் படம் பிடித்தார்கள். காப்பகத்தில் யாரும் அவனைக் கொடுமைப்படுத்தவில்லை. அவனுக்கென்று ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். முதலில் தேடினான், பிறகு அழுதான், பிறகு அடங்கிப்போனான். ஒன்பதாம் நாள் அம்மா வந்தபோது அவரிடம் போக மறுத்துத் திமிறினான். ராபர்ட்சன் வீட்டில் இருந்த குழந்தைகளும் ஏங்கத்தான் செய்தார்கள். ஆனால் அங்கே அம்மாவைப் பற்றிப் பேசினார்கள், அம்மாவின் பொருட்களைக் கையில் கொடுத்தார்கள், ஏங்குகிறபோது மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். அந்தக் குழந்தைகள் அடங்கிப்போகவில்லை.

பிரிந்த குழந்தை சத்தம் போடுவதைவிட, அடங்கிப்போவதுதான் எங்களைப் பயமுறுத்தும். உங்கள் வீட்டில் நடப்பது சத்தம். ஹோமில் ஒன்றரை வருடம் அடக்கி வைத்திருந்ததை உங்கள் கூடத்தில் கொட்டுகிறாள். அம்மாவைப் பார்க்காமல் செய்தால் இந்தச் சத்தம் நிற்கும், நிச்சயமாக நிற்கும். அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சந்திப்பைக் கொஞ்சம் மாற்றியமைக்கக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்குப் போவது கஷ்டம், சனிக்கிழமையாக இருந்தால் நடுவில் ஒரு நாள் கிடைக்கும். போகும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அவள் வரைந்த படமோ, பள்ளி நோட்டோ, நீங்கள் செய்த அதிரசம் நான்கோ இருக்கட்டும். அந்த அம்மாவிடம் நீங்களும் இரண்டு வார்த்தை நன்றாகப் பேசுங்கள், குழந்தை பார்க்கும்படி. திரும்பி வந்ததும், ‘என்ன பேசினீங்க?’ என்று துருவாமல், ரசம் சாதம் பிசைந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அன்றைக்கு உறவினர் வீட்டு விசேஷம் எதுவும் வேண்டாம்.

ஹோமிலேயே விட்டிருக்கலாமோ, தப்பு செய்துவிட்டோமோ என்கிற கேள்வி. ருமேனியாவில் 1989இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது, அநாதை இல்லங்களில் குழந்தைகள் வரிசை வரிசையாகத் தொட்டில்களில் கிடந்ததை உலகம் பார்த்தது. 2000இலிருந்து சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற ஆய்வாளர்கள் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்கு வந்தவர்கள் அறிவு வளர்ச்சியிலும் ஒட்டுதலிலும் தேறினார்கள், அதிலும் ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் வந்தவர்கள் நன்றாகவே. இதை எங்காவது படித்துவிட்டு, ‘ஐயோ, இவளுக்கு எட்டு வயதாகிவிட்டதே’ என்று பதறாதீர்கள். அந்தத் தொட்டில் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலிருந்தே யாரும் இல்லை. இவளுக்கு அம்மாவும் பாட்டியும் இருந்திருக்கிறார்கள். நோய் முற்றுவதற்கு முன் அந்த அம்மா இவளைத் தூக்கி வைத்திருக்கிறார், கொஞ்சியிருக்கிறார். ஒட்டத் தெரியாத குழந்தை புடவைத் துண்டை வைத்துக்கொண்டு தூங்காது.

குழந்தைகளை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் சட்டமும் சொல்கிறது. நீங்கள் தப்பு செய்யவில்லை. முடியவே முடியாது என்ற நிலை வந்தால் குழுவிடம் சொல்லலாம், அதில் அவமானம் இல்லை. மாதம் ஒரு முறை உங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டியது குழுவின் கடமை. வருகிறவர்களிடம், ‘எல்லாம் நல்லா போகுது’ என்று காபி கொடுத்து அனுப்பிவிடாமல் இந்தக் கடிதத்தில் எழுதியதையெல்லாம் சொல்லுங்கள்.

உங்கள் மகன் பேச்சு கடிதத்தில் ஒரு வரிதான். அவனுக்கும் நான்கு மாதமாக அம்மா பாதிதான் கிடைக்கிறாள். வாரம் ஒரு நாளாவது அவனோடு மட்டும் டீக்கடை வரைக்குமாவது நடந்துவிட்டு வாருங்கள். அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவன் தலையில் கட்டாதீர்கள். மாமியார் ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று சொல்லிச் சமாதானம் அடைகிறவராக இருந்தால் சரி, அடையட்டும். எனக்கு அந்தப் பழமொழியோடு சின்னச் சண்டை உண்டு. ஊரான் பிள்ளை நம் பிள்ளைக்குப் புண்ணியம் சேர்க்கிற உண்டியல் இல்லை. அக்கம்பக்கத்தில் யாராவது மாதம் கிடைக்கிற 4,000 ரூபாயைப் பற்றி வாய் கூசாமல் பேசினால், ஆமாம், மிஷன் வத்சல்யா திட்டத்தில் குழந்தையின் செலவுக்காக அரசு கொடுக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் சொன்னால் போதும். ‘என் குடும்பம்’ என்று படம் ஒட்டி வரச் சொல்கிற பாடம் எப்படியும் வரும், அதற்குள் அவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்தப் புடவைத் துண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தேன். ஆறேழு வயதுப் பையன் ஒருவன் கசங்கிப்போன பிளாஸ்டிக் கவர் ஒன்றை எப்போதும் இடுப்பில் செருகி வைத்திருப்பான். பொங்கலுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்ட உற்சாகத்தில் அந்தக் கவரை நான் எடுத்துக் குப்பையில் போட்டேன். உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருந்திருக்கிறது, அம்மாவோடு கடைசியாகப் போனது. பெரிய பெண் ஒருத்திதான் என்னிடம் சொன்னாள். குப்பை வண்டி போயிருந்தது. அவன் என்னைத் திட்டவில்லை, அழவில்லை. நான் அங்கே இருந்த வரைக்கும் என்னிடம் எதையும் கேட்டதும் இல்லை, தண்ணீர் கூட.

உங்களுக்கு நாறுவது அவளுக்கு அம்மாவின் வாசனை. எண்ணெயும் வேர்வையும் பழைய வீட்டின் புகையும் கலந்தது. ஒரு தடவை சோப்பில் நனைத்தால் போய்விடும், திரும்ப வராது. ஆகவே இப்போதைக்குத் துவைக்காதீர்கள். ஒரு தலையணை உறை தைத்து, அதற்குள் அதை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் படுக்கையும் சுத்தமாக இருக்கும். என்றாவது அவளே துவைக்கலாம் என்று சொன்னால், அதில் கையகலம் வெட்டி எடுத்து மூடியுள்ள டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டு மீதியை மட்டும் அவள் கையாலேயே அலசட்டும். அல்லது அடுத்த மாதம் போகும்போது அந்த அம்மாவிடமே கேளுங்கள், அவர் கட்டிய புடவையிலிருந்து இன்னொரு துண்டு கிடைக்குமா என்று.